மாமி கேட்ட ஒரு மணித்தியாலம்

“தம்பி, கூப்பிடு தூரத்துக்கு ஏன் ஒரு மணித்தியாலம்?” பயணச்சீட்டைப் பார்த்ததும் மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். நாங்கள் ஏறவிருந்த ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கக்கூடியது. வகுத்தால் 22 நிமிடம்தான் வருகிறது.

அந்தப் பயணத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொட்டது வரை 38 நிமிடம். ஏறுவதிலும் இறங்குவதிலுமே அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. முழு வேகத்தில் பறக்கும் பொழுது கொஞ்சம்தான். ஒரு மணித்தியாலத்தில் மீதி நேரம் தரையில். விமானம் நின்ற இடத்தை விட்டு நகரும்போது அட்டவணைக் கணக்கு தொடங்கி, மறுமுனையில் போய் நிற்கும்போதுதான் முடிகிறது. அதனால் நான் இப்போதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தை நம்பித் திட்டம் போடுவதில்லை. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எண்ணுகிறேன்.

தூரம் சின்னது என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், குடியகல்வு, சுங்கம் எதுவும் குறையாது. மூன்று மணி நேரம் முன்னதாகவே திருச்சி விமான நிலையத்துக்குப் போய்விடுவோம். இலங்கைக்கான பயண அனுமதியை இணையத்தில் முன்பே வாங்கி, தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்வேன். கடிகாரத்தை மட்டும் மாற்ற வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம் இருக்கிறது. முன்வரிசை நல்லது என்று நினைத்து மாமிக்கு அங்கே இடம் எடுத்தேன். குறுகிய நடைவழி முழுவதும் நடந்து, கடைசியாக இறங்கினார். அடுத்த முறை பின்வரிசை எடுத்தேன், நாலே எட்டில் படிக்கட்டு. இறக்கை மேலே இருப்பதால் சன்னலோரத்தில் யார் உட்கார்ந்தாலும் கீழே நன்றாகத் தெரியும். டெல்டா வயல்கள் முடிந்து கடல் தொடங்குவதையும், கொஞ்ச நேரத்திலேயே மறுகரை தெரிவதையும் மாமி கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் அன்றைக்கே வேறு பயணம் எதையும் கோத்துவைக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் சின்ன விமானம் குலுங்கும். வானம் தெளிய வட்டமடிக்கவும் நேரும்.

இந்த நேரடி விமானம் வந்தது 2025 மார்ச் 30-இல். அதற்கு முன் எங்கள் வழி கொழும்புதான். தெற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் பறந்து கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து மறுபடி வடக்கே சாலையில் 350 கிலோமீட்டருக்கு மேல். 2018-இல் மாமியின் அண்ணர் தவறியபோது அப்படித்தான் போனோம். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, முற்றம் கழுவியிருந்தார்கள்.

இந்த முறை காலை 9:15-க்கு வீட்டைப் பூட்டினோம். நாங்கள் போகும் தெல்லிப்பளை பலாலியிலிருந்து பக்கம்தான். 2:50-க்குப் படலையைத் திறந்தபோது, மாமியின் தங்கச்சி சோற்றுப்பானையை இறக்கி மூடி வைத்துக் காத்திருந்தார். மூடியைத் திறந்தால் ஆவி வந்தது.