சிறிய நாடும் வல்லரசுகளும்

ஒரு நாடு பிற நாடுகளுடன் எவ்வாறு உறவு கொள்வது என வகுத்துக்கொள்ளும் நெறியே வெளிநாட்டுக் கொள்கை எனப்படும். சுதந்திர இலங்கையில் இது பற்றி இரு வேறு நிலைப்பாடுகள் இருந்துவந்துள்ளன. அவற்றை ஆராய்ந்து என் கருத்தையும் கூற விரும்புகிறேன்.

முதலாவது, வல்லரசு ஒன்றின் துணையை நாடுதல். படைபலம் குறைந்த சிறு தீவுக்கு வெளியிலிருந்து ஆபத்து வரலாம் என்று டி. எஸ். சேனாநாயக்க கருதினார். எனவே 1947இல் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தார். திருகோணமலை, கட்டுநாயக்கத் தளங்கள் தொடர்ந்தும் பிரித்தானியர் வசம் இருந்தன. இதைக் காட்டி, இலங்கை உண்மையான சுதந்திர நாடல்ல என்று சோவியத் ஒன்றியம் எதிர்த்தது. 1955 டிசம்பரிலேயே எமக்கு ஐக்கிய நாடுகள் சபையில் இடம் கிடைத்தது.

இரண்டாவது, அணிசேராமை. 1956இல் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, அடுத்த ஆண்டே அத்தளங்களை மீளப்பெற்றார். சோவியத் ஒன்றியத்துடனும் சீனாவுடனும் இராஜதந்திர உறவை ஏற்படுத்தினார். 1976இல் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு கொழும்பிலேயே நடைபெற்றது. சிறிமாவோ பண்டாரநாயக்க அதற்குத் தலைமை தாங்கினார்.

இவ்விரண்டில் எது சிறந்தது? விடை கூறுமுன் 1952ஐ நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு அரிசித் தட்டுப்பாடு ஏற்பட்டது. இறப்பர் விலையும் வீழ்ந்தது. மேற்குலகின் பக்கம் சாய்ந்திருந்த டட்லி சேனாநாயக்கவின் அரசே, அமெரிக்காவின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், கம்யூனிசச் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி. எமது இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடுதலான விலை கிடைத்தது. சீனாவுக்குத் தேவையான பொருள் எம்மிடம் இருந்ததால் பேரம் பேச முடிந்தது.

2022இன் நிலை வேறு. டொலர் இல்லை, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் எம் பெற்றோர் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. இந்தியாவிடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் கையேந்த நேர்ந்தது. கொடுப்பவர் நிபந்தனை விதிக்க, பெறுபவர் கையொப்பமிடுவதே அங்கு வழக்கம்.

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பர் எம் முன்னோர். நான் அணிசேராமையையே ஆதரிக்கிறேன். ஆனால் அதை மாநாட்டுத் தீர்மானங்களால் மட்டும் காக்க முடியாது. வயலும் தோட்டமும் தொழிற்சாலையும் செழித்து, கடன் அளவோடு இருந்தால்தான் எந்த வல்லரசிடமும் “முடியாது” என்று சொல்லும் துணிவு எமக்கு வரும்.