சுழல் சக்கரத்தின் கணக்கு

சூதாட்டம் தீது என்பதை நம்முள் அறியாதார் இல்லை. ஆயினும் அது எவ்விதம் பணத்தைக் கவர்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே. நூல் விலையையும் விதை விலையையும் கூட்டிக் கழித்துப் பழகிய நம் அங்கத்தினர்களுக்கு அக்கணக்கு கடினமன்று.

மத்தியதரைக் கடலோரத்தில் மொனாக்கோ என்னும் மிகச் சிறிய நாடு ஒன்று உளது. அங்குள்ள மான்டி கார்லோ சூதாட்ட மாளிகை உலகப் பிரசித்தம். 1863-இல் பிரான்சுவா பிளாங்க் என்பவர் அதன் உரிமையைப் பெற்றுச் செழிக்கச் செய்தார். அந்நாட்டுக் குடிகள் மட்டும் அங்கே ஆடக் கூடாது என்பது சட்டம். ஆள்வோருக்கு விஷயம் விளங்கியிருந்தது போலும்!

அங்கு ஆடப்படும் ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள் உண்டு. சிறு பந்து எந்தக் குழியில் விழுகிறதோ அதுவே வெற்றி எண். அதில் 1 ரூபாய் கட்டியிருந்தவருக்கு, கட்டிய ரூபாயும் அதன்மேல் 35 ரூபாயும் கிடைக்கும். ஒருவர் 37 எண்களிலும் எண்ணுக்கு 1 ரூபாய் கட்டுவதாகக் கொள்வோம். வெற்றி நிச்சயம், கைக்கு வருவதோ 36 ரூபாய்தான். வென்றும் 1 ரூபாய் நஷ்டம்! நூற்றுக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 70 காசு ஆகிறது.

இது சொற்பம் என்று தோன்றலாம். ஆனால் இக்கழிவு ஆண்டுக்கொரு முறை கட்டும் வட்டியைப் போன்றதன்று. சக்கரம் சுழலுந்தோறும் விழுவது. ஆட்டத்துக்கு 10 ரூபாயாக 370 ஆட்டம் ஆடுபவர் கட்டும் மொத்தம் 3,700 ரூபாய். சராசரி இழப்பு 100 ரூபாய். கைபேசியிலோ சக்கரம் இன்னும் விரைவாகச் சுழல்கிறது. ஒரு வாரத்து நெசவுக் கூலி கரைய ஓர் இரவு போதும்.

தெரிந்தும் ஏன் ஆடுகிறார்கள்? அதிர்ஷ்டம் திரும்பியே தீரும் என்னும் நம்பிக்கைதான் காரணம். 1913 ஆகஸ்டு 18 அன்று மான்டி கார்லோவில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று மேலும் மேலும் கட்டியவர்கள் பெருந்தொகை இழந்தனர். முன்பு விழுந்த இடம் பந்துக்கு எப்படித் தெரியும்?

தோற்குந்தோறும் இரட்டித்துக் கட்டினால் மீளலாம் என்பாரும் உளர். 1 ரூபாயில் தொடங்கிப் பத்து முறை தோற்றால் போனது 1,023 ரூபாய். அடுத்து 1,024 ரூபாய் கட்டி வென்றாலும் மிஞ்சும் லாபம் 1 ரூபாயே. போதாக்குறைக்கு, இவ்வளவுக்கு மேல் கட்டலாகாது என்று ஒவ்வொரு மேசைக்கும் உச்சவரம்பும் விதித்திருக்கிறார்கள்.