திரையும் தொலைவும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது திருநின்றவூர். பூசலார் நாயனார் மனத்தினுள்ளே கோயில் எழுப்பிய தலம் என்று அதனைப் போற்றுவர். அவ்வூர் வீடொன்றின் கூடத்தில் 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி இருப்பதாகக் கொள்க. அவ்வீட்டு மாணவன் கணினியை அதனோடு இணைத்து, மேசைமீது வைத்துப் பாடம் எழுத முற்படுகிறான். இத்துணைப் பெரிய திரையிருக்க, 24 அங்குலக் கணினித்திரை வேறு எதற்கு என்பது தந்தையின் எண்ணம். சிறிது நேரத்தில் பையனுக்குக் கண் நோகிறது. எழுத்தின்மேல் புள்ளி உண்டோ இல்லையோ என்று ஐயுறுகிறான். தமிழில் இது சிறு குறையன்று; 'பல்' வேறு, 'பல' வேறு.

இரு திரைகளிலும் இருப்பது நீர்மப் படிகமே. உருகிய பின்னும் படிகத்தின் ஒழுங்கை முற்றும் இழவாத இப்பொருளை 1888ஆம் ஆண்டில் ஆஸ்திரியத் தாவரவியலறிஞர் ரைனிட்சர் முதன்முதற் கண்டார். அது தானே ஒளிர்வதில்லை. பின்னிருந்து வரும் ஒளியை மின்னழுத்தத்திற்கு ஏற்ப விடுவதும் தடுப்பதும் அதன் தொழில். (தட்டு வடிவ மூலக்கூறுகளும் இத்தகைய படிகமாகும் என்று 1977இல் பெங்களூரில் கண்டவர் சி. வி. இராமனின் சகோதரி மகனான சந்திரசேகர்.)

பின் வேற்றுமை யாது? இரண்டிலும் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 படப்புள்ளிகள் இருக்கலாம். ஆயினும் பெரிய திரையில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். சிறியதில் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். நல்ல கண் 60 சென்டிமீட்டர் தொலைவில் 0.17 மில்லிமீட்டர் அளவையும் பிரித்தறியும். இரண்டரை மீட்டர் தொலைவிலோ 0.7 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றைப் பிரித்தறியாது. ஆகவே, கூடத்தின் மறுகோடியிலிருந்து ஒன்றாய்த் தோன்றிய புள்ளிகள் மேசையருகே தனித்தனியே தோன்றுகின்றன.

மேலும், தொலைக்காட்சி அசையும் படத்திற்காக அமைந்தது. ஒளியைப் புள்ளிதோறும் காட்டினும், நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றெனச் சுருக்கும் பெட்டிகள் பல. நீல நிலத்தில் சிவப்பெழுத்து கலங்குவது இதனாலேயே. சில பெட்டிகள் படத்தின் ஓரத்தை வெட்டும். உருவின் விளிம்பை மிகைப்படுத்தும். படத்தைத் திருத்துவதற்கெனச் சற்றே தாமதிக்கும். அதனால் சுட்டி நகர்ந்த பின்னரே திரையிலுள்ள அம்பு நகர்கிறது. கணினித்திரையில் இவ்வேலைகள் பெரும்பாலும் இல்லை. ஒளிபரப்பைப் பெறும் கருவியும் அதில் வழக்கமாக இராது.

பெட்டியைக் கணினிக்குரிய அமைப்பில் வைத்தால் ஓரம் வெட்டுதலும் தாமதமும் குறையும். அரை மில்லிமீட்டர்ப் புள்ளியோ குறைவதில்லை. தந்தை பெட்டியை மீண்டும் கூடத்துச் சுவரில் மாட்டுகிறார். இரண்டரை மீட்டர் அப்பால் அமர்ந்து, 2019இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியின் பாடத்தைப் பையன் காண்கிறான். புள்ளிகள் எல்லாம் இப்போது தெரிகின்றன. எழுத்தின்மேல் உள்ளவை மட்டும்.