வகுப்பறையில் வைக்கும் பெயர்: வலிப்பு நோயுள்ள குழந்தைகளும் பள்ளிச் சீண்டலும்

சென்ற ஆண்டு எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாயுடன் வந்தாள். இரண்டு ஆண்டுகளாக வலிப்பு ஏதுமின்றி நலமாக இருந்தவள். அவளுக்கு ஆறு வாரங்களுக்குள் மூன்று முறை வலிப்பு வந்திருந்தது. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று தாய் உறுதியாகச் சொன்னார். ஆனால் இரத்தத்தில் மருந்தின் அளவு, இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவாக இருந்தது.

தாயைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு, செவிலியரை உடன் வைத்துக்கொண்டு அவளிடம் பேசினேன். காலையிலும் இரவிலும் வீட்டில் கொடுக்கும் மாத்திரைகளை அவள் ஒழுங்காகவே விழுங்கி வந்தாள். பள்ளியில் விழுங்க வேண்டிய மதிய மாத்திரையை மட்டும் இரண்டு மாதங்களாகக் கழிவறையில் போட்டு வந்திருக்கிறாள். காரணம் கேட்டேன். "என்னை மாத்திரைன்னுதான் கூப்பிடுறாங்க டாக்டர்" என்றாள். அவள் உணவு டப்பாவைத் திறந்தவுடன் நான்கு பேர் கையையும் காலையும் உதறி நடித்துக் காட்டுவார்களாம். மற்றவர்கள் சிரிப்பார்களாம்.

அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். ஆயினும் இதுபோன்ற நிகழ்வுகள் அரியவை அல்ல. மருந்து வேலை செய்யவில்லை என்று நாங்கள் அளவைக் கூட்டும் சில குழந்தைகளிடம், மருந்து உள்ளே செல்லவே இல்லை என்பது பின்னர்தான் தெரிய வருகிறது.

இதில் என் பிழையும் உண்டு. மூன்று வேளை மாத்திரை என்று சீட்டு எழுதியவன் நானே. மதிய மாத்திரையை அந்தக் குழந்தை எங்கே, யார் முன்னிலையில் விழுங்கும் என்று நான் கேட்கவில்லை. அதே மருந்து மெதுவாகக் கரையும் வடிவத்தில் கிடைக்கிறது. அதைக் காலையும் இரவும் கொடுத்தால் போதும். அவளுக்கு அன்றே அவ்வாறு மாற்றிக் கொடுத்தேன். இக்கட்டுரையைப் படிக்கும் பெற்றோர், தம் குழந்தைக்கு மதிய வேளை மருந்து இருக்குமாயின், அதனை இரு வேளையாக மாற்ற இயலுமா என்று தம் மருத்துவரிடம் கேட்கலாம். எல்லா மருந்துகளிலும் இயலாது. தாமாக மாற்றுவதும் கூடாது. கேட்பதில் தவறில்லை.

ஆனால் மாத்திரையை மறைத்ததனால் சிக்கல் தீர்ந்துவிடுமா? அவளை அந்தப் பெயரால் அழைத்தவர்கள் மறுநாளும் அதே வகுப்பில்தான் இருப்பார்கள்.

நோயும் அதன் பெயரும்

மூளையின் நரம்பணுக்கள் மின்குறிப்புகளால் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. சில நேரங்களில் அவற்றுள் ஒரு தொகுதி ஒரே சமயத்தில் கட்டுப்பாடின்றி இயங்கும்போது வலிப்பு ஏற்படுகிறது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சரியான மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழ முடியும். இது தொற்றுவதில்லை, எச்சில் பட்டாலும், ஒரே தட்டில் உண்டாலும் பரவாது. மூளையில் வேறு பாதிப்பு இல்லாத குழந்தைகள் மற்றவர்களைப் போலவே படிக்கின்றனர்.

நம் வழக்கில் இதற்குள்ள பெயரைப் பாருங்கள். காலும் கையும் இழுத்துக்கொள்வதால் 'கால் கை வலிப்பு' என்று வழங்கிய சொல்லே திரிந்து 'காக்காய் வலிப்பு' ஆயிற்று என்பர். காக்கைக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் பள்ளி மைதானத்தில் ஒரு குழந்தையைப் பார்த்துக் 'கா கா' என்று கத்துவதற்கு அந்தத் திரிபு போதுமானதாக இருக்கிறது.

சாவிக்கொத்தின் கதையும் இத்தகையதே. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே நின்றுவிடும். யாரோ ஓடிப்போய் இரும்பைத் தேடிக் கொண்டுவந்து கையில் திணிப்பதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். நிற்கவிருந்த வலிப்பு நிற்கிறது. புகழ் இரும்புக்குப் போய்ச் சேருகிறது. இது தெய்வச் செயலன்று, மூளையின் நோயே என்று கிரேக்க மருத்துவ நூலொன்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டது. ஆயினும் நம் நாட்டில் இந்து திருமணச் சட்டம் வலிப்பு நோயைத் திருமணத்திற்குத் தடையாக வைத்திருந்தது. அச்சொல் நீக்கப்பட்டது 1999ஆம் ஆண்டில்தான். சட்டமே அவ்வாறு இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள்தாம் இன்றைய பெற்றோரும் ஆசிரியர்களும். நானும் அவர்களுள் ஒருவன்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் காலை வணக்கக் கூட்டத்தில் வலிப்பு வந்தது. சிறுநீர் பிரிந்து அவன் கால்சட்டை நனைந்திருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தபோது சிரித்தவர்களுள் நானும் இருந்தேன். அடுத்த கல்வியாண்டில் அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எங்களுள் எவரும் கேட்கவுமில்லை.

கேலி எப்போது சீண்டலாகிறது?

நண்பர்களுக்குள் நடக்கும் கேலியில் இன்று ஒருவன் கேலி செய்வான், நாளை மற்றவன் செய்வான். நோவு உண்டாயின் நிறுத்திவிடுவார்கள். நாம் பேசுவது அதுவன்று. நார்வே நாட்டு உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைக் கூறினார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க இயலாதவரிடம் செய்வது. உதை மட்டுமன்று, பெயர் வைப்பதும், ஆட்டத்தில் சேர்க்காமல் விடுவதும், அருகில் உட்கார மறுப்பதும் இதில் அடங்கும்.

1982இல் அந்நாட்டின் வடபகுதியில் சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். உடன் பயின்றவர்களின் கொடுமையே காரணமாக இருக்கக்கூடும் என்று அறிந்து நாடே அதிர்ந்தது. மறு ஆண்டு அரசு நாடெங்கும் பள்ளிகளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களை ஓல்வியஸ் தொடர்ந்து கவனித்தார். இரண்டு ஆண்டுகளில் சீண்டல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அங்கே எந்த அரிய கருவியும் பயன்படுத்தப்படவில்லை. இடைவேளையில் பெரியவர்கள் மைதானத்தில் நின்றார்கள். வகுப்புதோறும் சில விதிகள் எழுதி வைக்கப்பட்டன. நடந்ததைப் பற்றி மாணவர்களுடனும் பெற்றோருடனும் ஒழுங்காகப் பேசினார்கள்.

கனடாவில் செய்யப்பட்டு 2001இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னும் என் நினைவில் நிற்கிறது. பள்ளி மைதானங்களில் நடந்த சீண்டல்களை ஒளிப்பதிவு செய்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் வேறு மாணவர்கள் சுற்றிலும் இருந்தனர். ஐந்தில் ஒன்றில் மட்டுமே எவரேனும் குறுக்கிட்டனர். ஆனால் அவ்வாறு குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் சீண்டல் பத்து வினாடிக்குள் நின்றுபோயிற்று. எனவேதான் சீண்டுபவனைத் தண்டிப்பதில் மட்டும் கவனம் செலுத்தும் பள்ளிகளைக் கண்டால் எனக்குச் சற்று ஐயம் எழுகிறது. நான்கு பேர் நடித்துக் காட்டினார்கள் என்றாள் அந்தச் சிறுமி. சிரித்தவர்களும் பேசாமல் பார்த்திருந்தவர்களும் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். பின்லாந்தில் உருவான கிவா என்னும் திட்டமும் இந்தப் பார்வையாளர்களையே முதன்மையாகக் கருதுகிறது.

நோயை வைத்து மட்டும் சீண்டல் நடப்பதில்லை. நிறம், உடற்பருமன், பேச்சு, சாதி என எதுவும் காரணமாகலாம். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் முதலிய அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம், வைத்த பெயரை அவ்வளவு எளிதில் அவிழ்க்க முடிவதில்லை.

வீட்டிலிருந்து கவனிக்க வேண்டியவை

சீண்டலுக்கு ஆளாகும் குழந்தை பெரும்பாலும் வாய்திறந்து சொல்வதில்லை. ஞாயிறு இரவில் வயிற்றுவலி, உண்ணப்படாமல் திரும்பும் மதிய உணவு, அடிக்கடி தொலையும் பொருட்கள், வேனில் ஏற மறுப்பது, எண்ணிக்கையில் இடிக்கும் மாத்திரைகள் ஆகியவை சொல்லும். வலிப்பு நோயுள்ள குழந்தைகளிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. மேலும், கடும் மன அழுத்தத்தினால் வலிப்பைப் போலவே தோற்றமளிக்கும் நிகழ்வுகளும் உண்டு. அவை நடிப்பு அல்ல. மூளை மின்பதிவில் வலிப்பின் மாற்றமும் இராது. பள்ளி நாட்களில் மட்டுமே 'வலிப்பு' வந்த ஒரு சிறுவனுக்கு, மருந்தைக் கூட்டாமல் மனநல ஆலோசனைக்கு அனுப்பியதும், பள்ளியில் நடந்ததைச் சரிசெய்ததுமே குணமளித்தன.

வலிப்பு இருப்பதைப் பள்ளியில் சொல்லலாமா என்பது பெற்றோர் என்னிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி. சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. அது ஆதாரமற்ற அச்சமும் அன்று. ஆயினும் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. தெரியாத ஆசிரியர் முன் வலிப்பு வந்தால் வாயில் கரண்டி நுழையும். தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் ஆகிய மூவருக்கும் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். மாணவர்களுக்குச் சொல்வதா என்பதை மட்டும் குழந்தையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். "இவளை யாரும் தொடாதீர்கள், இவளுக்கு வலிப்பு வரும்" என்று நல்லெண்ணத்துடன் அறிவிக்கும் ஆசிரியரைக் கண்டிருக்கிறேன். அவ்வறிவிப்பே சீண்டலுக்குத் தொடக்கமாயிற்று. தனி இருக்கையில் அமர்த்துவதும், சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லாததும், விளையாட்டிலிருந்து விலக்குவதும் கனிவுபோல் தோன்றும் ஒதுக்கலே. நீச்சலும் உயரம் ஏறுவதும் தக்க கண்காணிப்பின்றிக் கூடா. மற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் ஆடலாம். வகுப்பில் அடிக்கடி சில வினாடிகள் விழித்தபடியே உறைந்து போகும் குழந்தையைத் 'தூங்குமூஞ்சி' என்று அழைக்கும் முன் எங்களிடம் அனுப்புங்கள். அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தைக்கு உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்கிறது. பள்ளி செவிசாய்க்காவிடில் மாணவர் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை அழைக்கலாம். எனினும் நான் கண்ட அளவில், முதற்சந்திப்பிலேயே சட்டத்தைப் பேசுவதைவிட மருத்துவரின் கடிதத்துடன் சென்று அமர்ந்து பேசுவது விரைவில் பயன் தருகிறது.

அந்தச் சிறுமியின் இசைவைப் பெற்று, அவள் பள்ளிக்கு எங்கள் செவிலியர் ஒருவரை அனுப்பினோம். அவளைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பது அவள் வைத்த நிபந்தனை. வகுப்பு முழுமைக்கும் முக்கால் மணி நேர முதலுதவிப் பாடம் நடந்தது. கீழே விழுந்தவரைச் சுற்றியுள்ள பெஞ்சுகளை நகர்த்த வேண்டும். தலைக்கடியில் பையையோ துணியையோ வைக்க வேண்டும். கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால், அல்லது தெளிவதற்குள் மீண்டும் வந்தால் 108ஐ அழைக்க வேண்டும். ஆடை நனைந்திருந்தால் போர்த்திவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்ப வேண்டும். இதற்கென மாற்றுச் சீருடை ஒன்று பள்ளி அலமாரியில் இருப்பது நல்லது. எங்கள் செவிலியர் தரையில் படுத்துக்கொள்ள, மாணவர்கள் இருவர் இருவராக வந்து செய்து பார்த்தனர்.

பட்டப்பெயர் உடனே மறைந்துவிடவில்லை. நால்வருள் ஒருவன் பல வாரங்கள்வரை அவளை அவ்வாறே அழைத்தான் என்று தாய் சொன்னார். வகுப்பாசிரியை ஒவ்வொரு முறையும் அவனைத் தனியே அழைத்துப் பேசியிருக்கிறார்.

மூன்று மாதங்கள் கழித்துக் காய்ச்சலோடு பள்ளிக்குச் சென்ற ஒரு நாளில் அவளுக்கு வகுப்பிலேயே வலிப்பு வந்தது. மறுநாள் எங்களிடம் வந்தபோது தாய் ஒரு காகிதத் துண்டை நீட்டினார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. '11.20க்கு ஆரம்பம். 1 நிமிடம் 40 வினாடி. வலது கை முதலில். வாயில் எதுவும் வைக்கவில்லை' என்று அதில் எழுதியிருந்தது. வலது கையில் தொடங்கியது என்ற செய்தி அதுவரை எங்கள் கோப்பில் இல்லை. வீட்டில் எவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. மூளையின் இடப்பக்கத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஸ்கேன் எடுக்க அதனால்தான் முடிவு செய்தோம். எழுதியது யார் என்று கேட்டேன். "தெரியலை டாக்டர், க்ளாஸ்ல யாரோ" என்றாள். அந்தத் துண்டு அவள் கோப்பில்தான் இருக்கிறது.