முதல் தவணையை ஏஜென்ட் கட்டினால்?



குழுவுக்குக் கடன் வந்த வாரமாகப் பார்த்து ஏஜென்ட் வந்து நிற்பார். "அக்கா, ஒரு பாலிசி போடுங்க, முதல் தவணையில பாதியை நானே கட்டிடறேன்" என்பார். குக்கர், புடவை என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. திருக்கழுக்குன்றம் சுற்றுவட்டாரத்தில் நமக்கு இது புதுசு இல்லை. லாபம்தானே என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

இது குற்றம். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவு, தவணையிலோ கமிஷனிலோ ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்து ஆள் சேர்க்கக் கூடாது என்கிறது. கொடுக்கிறவர் மட்டுமல்ல, வாங்கிக்கொள்கிற நாமும் தப்பு செய்தவர்களே. முன்பு அபராதம் 500 ரூபாய் வரைதான். 2015-ல் அதை 10 லட்சம் ரூபாய் வரை உயர்த்தினார்கள். கம்பெனி எல்லாருக்கும் அறிவித்துத் தருகிற தள்ளுபடி வேறு, அது தவறில்லை.

ஏஜென்ட் ஏன் கைக்காசைப் போடுகிறார்? பெரும்பாலான பாலிசிகளில் முதல் வருஷக் கமிஷன்தான் அதிகம். அதில் கொஞ்சத்தை நமக்குத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொள்வார். வருஷத் தவணை 12,000 ரூபாய் என்று வையுங்கள். முதல் வருஷம் 6,000 தான் கட்டினோம். அடுத்த வருஷம் ஆள் வரமாட்டார், 12,000-மும் நம் தலையில். கட்டாமல் விட்டால் பாலிசி காலாவதியாகிவிடும், கட்டிய பணமும் முழுசாக வராது. புகார் கொடுக்கலாம் என்றால், நாமும் வாங்கினோமே என்ற பயம். "வெளியில சொல்லாதீங்கக்கா" என்று அவர் சொல்வது சும்மா இல்லை!

இன்னொன்று, வெற்றுப் படிவத்தில் கையெழுத்து. பழைய நோயை மறைத்து ஏஜென்ட் எழுதிவிட்டால், பிறகு இழப்பீடு கேட்கும்போது மாட்டிக்கொள்வது நம் குடும்பம். படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பாஸ்புத்தகத்தையும் பாருங்கள். வருஷம் 436 ரூபாய், 20 ரூபாய் பிடித்திருந்தால் அவை பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகளாக இருக்கலாம். அதற்கும் நம் சம்மதம் வேண்டும்.

ஆயுள் பாலிசி பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக பணம் வரும். ஏமாற்றப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தி இல்லாவிட்டாலும் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. போனில் புகார் சொல்ல 155255.