காத்திருக்கும் கண்கள்

நுழையும்முன்

கூண்டில் உள்ள விலங்கைக் காண்பது எளிது. அது வாழும் இடத்திற்கே சென்று காண்பது அரிது. கூண்டருகே செல்வோர் விலங்கைத் தேடுவதில்லை. காட்டிற்குச் செல்வோரோ தேட வேண்டும். தேடியும் காணாமல் திரும்ப நேரலாம். ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் கானுயிர்களைக் காணவும் படமெடுக்கவும் உலகின் பல பகுதிகளிலிருந்து மக்கள் செல்கின்றனர். அங்கே அவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், ஏன் அவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சஃபாரி என்னும் சொல்

'சஃபாரி' என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பது அதன் பொருள். அரபு மொழியிலிருந்து அச்சொல் சுவாகிலிக்கு வந்தது. பயணத்தைக் குறிக்க இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் 'சஃபர்' என்னும் சொல்லும் அரபு மொழியிலிருந்து வந்ததே. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் வழங்கும் இவ்விரு சொற்களும் ஒரு வேரில் கிளைத்தவை.

துப்பாக்கியும் ஒளிப்படக்கருவியும்

ஒரு காலத்தில் சஃபாரி என்றால் வேட்டைப் பயணம் என்றே பொருள். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பதவிக்காலம் முடிந்தபின் 1909ஆம் ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்றார். அப்பயணத்தில் அவரும் அவர் மகனும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512 என்று அவரே கணக்கு எழுதி வைத்தார்.

யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவை 'ஐம்பெரும் விலங்குகள்' எனப்படுகின்றன. இப்பெயரும் வேட்டைக்காரர் இட்டதே. இவை உருவத்தில் பெரியவை என்பதால் அப்பெயர் அமையவில்லை. நடந்து சென்று வேட்டையாடுவோருக்கு இவையே மிகுந்த இடர் தந்தன என்பதே காரணம். அதனால்தான் மிக உயரமான ஒட்டகச்சிவிங்கிக்கு அப்பட்டியலில் இடமில்லை; உருவில் சிறிய சிறுத்தைக்கு இடம் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான கார்ல் ஜார்ஜ் ஷில்லிங்ஸ் ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளை இரவில் மின்னொளி பாய்ச்சிப் படமெடுத்தார். அப்படங்கள் அடங்கிய அவருடைய நூல் 1905ஆம் ஆண்டில் வெளிவந்தது. மின்னொளி, துப்பாக்கி என்னும் இரண்டுமே அந்நூலின் பெயரில் இடம்பெற்றுள்ளன. அவர் வேட்டையையும் விடவில்லை, படத்தையும் விடவில்லை. காலப்போக்கில் துப்பாக்கி பின்னுக்குச் சென்றது. 1977ஆம் ஆண்டில் கென்யா நாடு வேட்டையைத் தடை செய்தது. இன்று அங்குச் செல்வோர் ஒளிப்படக்கருவியுடன் செல்கின்றனர்.

துப்பாக்கி உயிரைப் பறிக்கும், ஒளிப்படக்கருவி பறிக்காது. ஆயினும் படமெடுப்பதால் விலங்கிற்குத் தீங்கே நேராதா? இவ்வினாவிற்கு விடை காணப் புல்வெளிக்கே செல்ல வேண்டும்.

புல்வெளியில் ஒரு காலை

தான்சானியா நாட்டில் செரெங்கெட்டி தேசியப் பூங்கா உள்ளது. மாசாய் மக்களின் மொழியில் 'முடிவில்லாச் சமவெளி' என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். அதன் பரப்பு ஏறத்தாழ 14,763 சதுர கிலோமீட்டர். அதன் வடக்கே, கென்யா நாட்டின் எல்லைக்குள், மாசாய் மாரா காப்பகம் அமைந்துள்ளது. நாட்டின் எல்லை மனிதருக்குத்தான், விலங்குகளுக்கு இல்லை. மழையையும் புதுப்புல்லையும் நாடி, வில்டபீஸ்ட் என்னும் இரலைகள் பத்து லட்சத்திற்கும் மேலாக, வரிக்குதிரைகளுடன் சேர்ந்து ஆண்டுதோறும் இப்புல்வெளிகளைச் சுற்றி வருகின்றன. ஆண்டின் தொடக்கத்தில் தெற்கில் கன்றுகளை ஈனுகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கடக்கின்றன.

காணச் செல்வோரின் வண்டிகள் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடும். வெயில் ஏறினால் விலங்குகள் நிழலைத் தேடி ஒதுங்கும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரைகூடப் படுத்தே கிடக்கும். ஆகவே காலையும் மாலையுமே காண்பதற்கு ஏற்ற பொழுதுகள்.

வண்டியை ஓட்டும் வழிகாட்டி, பிறர் பார்க்காதவற்றைப் பார்ப்பார். மண்ணில் பதிந்த காலடி, வானில் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள், திடீரென எழும் பறவைகளின் கூச்சல் ஆகிய யாவும் அவருக்குச் செய்திகள். ஒட்டகச்சிவிங்கிகள் மேய்ச்சலை நிறுத்தி ஒரே திசையை உற்று நோக்கினால், அத்திசையில் சிங்கம் இருக்கக்கூடும் என்று அவர் உணர்வார்.

ஒட்டகச்சிவிங்கி என்னும் பெயரே எண்ணி மகிழத்தக்கது. ஒட்டகம் போன்ற நெடிய கழுத்தும், சிவிங்கிப்புலி போன்ற புள்ளிகளும் உடையது என்பதால் அவ்விலங்கு அப்பெயர் பெற்றது. சிவிங்கிப்புலி என்பது இந்தியில் 'சீத்தா' என வழங்கும் விலங்கு. அதையும் சிறுத்தையையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். சிறுத்தையின் உடலில் புள்ளிகள் பூவிதழ்போல் வட்டமாகக் கூடியிருக்கும்; அது மரம் ஏறும்; பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். சிவிங்கிப்புலியின் புள்ளிகள் தனித்தனியே இருக்கும். கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்க்கோடு போன்ற கருங்கோடு ஓடும். அது பெரும்பாலும் பகலில் வேட்டையாடும்.

படமெடுக்கும் முறை

விலங்கைக் கண்டதும் வழிகாட்டி தொலைவிலேயே வண்டியை நிறுத்தி, எந்திரத்தை அணைத்துவிடுவார். ஓசை அடங்கும், வண்டியின் அதிர்வும் நிற்கும். அதிர்வு இருந்தால் படம் தெளிவாக அமையாது. தொலைவில் உள்ளதை அருகே காட்டும் நீண்ட வில்லை எடைமிக்கது. ஆதலால் அவரை விதையோ அரிசியோ நிரப்பிய சிறு பையைச் சன்னலில் வைத்து, அதன்மேல் வில்லையைத் தாங்கச் செய்வர். விலங்கின் கண் தெளிவாக அமைந்தால் படம் உயிர் பெறும். உச்சிவெயிலைவிடக் காலை, மாலை இளவெயிலில் படங்கள் அழகுறும்.

வண்டியில் இருப்போர் எழுந்து நின்று கை அசைப்பதோ உரக்கப் பேசுவதோ கூடாது. அசையாமல் அமர்ந்திருக்கும்வரை வண்டியையும் மனிதரையும் விலங்குகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வண்டியை விட்டு இறங்கினாலோ, விலங்கும் அஞ்சும். மனிதர் உயிருக்கும் இடர் நேரும்.

ஒரு படத்தின் விலை

கறையான் புற்றின் மேல் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி ஏறி நிற்கிறது எனக் கொள்வோம். கீழே புல்லுக்குள் அதன் குட்டிகள் மறைந்துள்ளன. சற்றுத் தொலைவில் நவ்விகள் மேய்கின்றன. தாய் உடலைத் தாழ்த்திப் பதுங்கி முன்னேறுகிறது. மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் பாயக்கூடியது அது. ஆனால் அவ்வோட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. ஒருமுறை தவறினால் இளைப்பாறிய பின்னரே மீண்டும் முயல இயலும்.

அவ்வேளையில் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சூழ்ந்தால் என்ன ஆகும்? எந்திர ஓசை கேட்டு நவ்விகள் ஓடிவிடும். இரை கிடைத்தாலும், கூட்டத்தைக் கண்டு சிங்கமோ கழுதைப்புலியோ வந்து அதைப் பறித்துக்கொள்ளக்கூடும். அவற்றை எதிர்த்து நிற்கும் வலிமை சிவிங்கிப்புலிக்கு இல்லை. வண்டிகளுக்கு அஞ்சித் தாயும் குட்டிகளும் பிரிந்துபோகவும் கூடும்.

இது வெறும் ஊகம் அன்று. மாசாய் மாராப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. சுற்றுலா வண்டிகள் குறைவாக வரும் இடங்களில், ஒரு தாய் சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் மிகுதியாக வரும் இடங்களிலோ, அச்சராசரி ஒன்றுகூட இல்லை. அங்கு எவரும் குட்டிகளைத் துன்புறுத்த எண்ணியிருக்கமாட்டார். அருகில் சென்று பார்க்கவே விரும்பியிருப்பர். அந்த விருப்பமே அளவு மீறியபோது தீங்காயிற்று.

இதனால்தான் மாசாய் மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கலாகாது என்று விதி வகுத்துள்ளனர். ஆறாவதாக வரும் வண்டி தொலைவில் காத்திருக்க வேண்டும். தன் முறை வருமுன் விலங்கு மறைந்துவிட்டால், படமின்றித் திரும்ப வேண்டும். நல்ல வழிகாட்டி அதற்கு வருந்துவதில்லை. அன்று அந்தத் தாய்க்கு இரை கிடைத்திருந்தால், அந்தக் காலைப்பொழுது வீணாகவில்லை என்பதை அவர் அறிவார்.

இந்திய மண்ணில்

சிவிங்கிப்புலி ஒரு காலத்தில் இந்தியாவிலும் வாழ்ந்தது. வேட்டையாலும் வாழிட இழப்பாலும் அருகிப்போன அவ்விலங்கு, இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்குப்பின், 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் கூனோ தேசியப் பூங்காவிற்குக் கொண்டுவரப்பட்டன. ஆப்பிரிக்கப் புல்வெளிக்குரிய ஒழுங்கு இந்தியக் காடுகளுக்கும் பொருந்தும். விலங்கின் வீட்டிற்கு விருந்தினராகச் செல்வோர், விருந்தினருக்குரிய முறையில் நடத்தல் வேண்டும். காத்திருக்கக் கற்ற கண்களுக்கே காடு தன்னைக் காட்டும்.

சொல்லும் பொருளும்

கானுயிர் – காட்டில் வாழும் உயிர்
ஒளிப்படக்கருவி – கேமரா
வில்லை – லென்ஸ்
இரலை – மான் போன்ற கொம்புடைய விலங்கு
நவ்வி – சிறிய மான் வகை
இடர் – துன்பம், ஆபத்து
அருகுதல் – குறைந்துபோதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. 'சஃபாரி' என்னும் சொல்லின் பொருள் ______.
2. கென்யா நாடு வேட்டையைத் தடை செய்த ஆண்டு ______.
3. சிவிங்கிப்புலியின் கண்ணிலிருந்து வாய் வரை ______ ஓடும்.

ஆ. பிரித்து எழுதுக.
1. ஒட்டகச்சிவிங்கி 2. கானுயிர் 3. காலடி

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'ஐம்பெரும் விலங்குகள்' என்னும் பெயர் தோன்றக் காரணம் யாது?
2. படமெடுக்கும்போது வண்டியின் எந்திரத்தை அணைப்பது ஏன்?
3. சிறுத்தைக்கும் சிவிங்கிப்புலிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
ஆறாவது வண்டியில் அமர்ந்திருக்கும் சிறுவன், "இவ்வளவு தூரம் வந்தும் ஒரு படம்கூட எடுக்கவில்லையே!" என்று வருந்துகிறான். அவனுக்கு வழிகாட்டி கூறும் விடையை ஐந்து தொடர்களில் எழுதுக.

உ. செயல்பாடு
வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு, ஐந்து காட்டு விலங்குகளின் தமிழ்ப் பெயர்களையும், நீ வாழும் மாநிலத்தின் மொழியில் அவற்றுக்கு வழங்கும் பெயர்களையும் அட்டவணைப்படுத்துக.