லீஸ்டு லைன் ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் நான் பார்ப்பவை

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம், இன்னொரு நிறுவனத்துக்குச் சரக்கு விற்றாலும் ஏற்றுமதி செய்தாலும் இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுத் தளத்தில் ஏற்றி ஐஆர்என் எண் வாங்காத பில் செல்லாது. இ-வே பில்லும் ஆன்லைனில்தான். திருப்பூரில் பனியன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டிய லாரி, ஆபீஸில் நெட் இல்லையென்றால் கேட்டிலேயே நிற்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அவசரத்துக்கு ஒரு பில் போட்டு அனுப்பிவிடலாம். மெர்ச்சன்டைசிங், அக்கவுன்ட்ஸ், பேக்கிங் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளவுட் இஆர்பியில் வேலை செய்யும் ஆபீஸை அதை வைத்து ஓட்ட முடியாது.

இதனால்தான் நடுத்தர நிறுவனங்கள்கூட இப்போது லீஸ்டு லைன் கேட்கின்றன. சாதாரண பிராட்பேண்டில் ஒரே கொள்ளளவைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். லீஸ்டு லைனில் 100 எம்பிபிஎஸ் என்றால் அந்த 100-ம் உங்களுக்கே. அனுப்பும் வேகமும் இறக்கும் வேகமும் ஒன்று. ஸ்டேடிக் ஐபி உண்டு. 'மேனேஜ்டு' என்று சேர்த்து வாங்கினால் ரௌட்டர், சில திட்டங்களில் ஃபயர்வாலும்கூட, சேவை நிறுவனமே வைத்துப் பராமரிக்கும். வாடகை பிராட்பேண்டைப் போலப் பல மடங்கு. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

திருப்பூர், அவினாசிப் பக்கம் ஏற்றுமதி நிறுவனங்கள் சிலவற்றுக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். லைன் வாங்கும்போது முதலாளிகள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள்தான்: எத்தனை எம்பிபிஎஸ், மாசம் எவ்வளவு? விலையில் பேரம் நாள்கணக்கில் நடக்கும். கடைசி நாளில் ஆர்டர் படிவத்தோடு வரும் விதிமுறைகளை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. லைன் நன்றாக ஓடும் நாட்களில் அதற்கு வேலையும் இல்லை. லைன் போன அன்று அந்தப் பக்கங்களில் எழுதியிருப்பது மட்டும்தான் செல்லுபடியாகும். சேல்ஸ் தம்பி டீ குடித்துக்கொண்டே சொன்ன எதுவும் அதில் இருக்காது.

முதலில் அந்தச் சதவீதக் கணக்கு. '99.5 சதவீதம் அப்டைம்' என்று கேட்கும்போது கிட்டத்தட்ட நூறு என்று மனசு எடுத்துக்கொள்கிறது. 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3.6 மணி. அதாவது மாதா மாதம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் லைன் இல்லாமல் போனாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. 99 சதவீதம் என்றால் 7.2 மணி, 99.9 என்றால் 43 நிமிடம் சொச்சம். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கணக்கெடுப்பு மாதத்துக்கா, காலாண்டுக்கா, ஆண்டுக்கா? ஆண்டுக் கணக்கென்றால் 99.5 சதவீதத்தில் 43.8 மணி நேரம் அனுமதி. அத்தனையும் ஷிப்மென்ட் வாரத்தில் ஒரே மூச்சாகப் போனாலும் அவர்கள் வாக்குத் தவறியதாகாது. நான் மாதக் கணக்கைத் தவிர வேறு எதையும் ஏற்கச் சொல்வதில்லை.

அந்த வரம்பையும் தாண்டினால் என்ன கிடைக்கும்? 'சர்வீஸ் கிரெடிட்' என்ற பெயரில் அடுத்த பில்லில் கழிவு. மாத வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 720-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 41 ரூபாய் 67 காசு. எட்டு மணி நேரம் லைன் இல்லை, முழு நேரத்துக்கும் கழிவு தருகிறார்கள் என்றாலும் 333 ரூபாய். அன்று கப்பலை விட்ட கன்டெய்னருக்கும், அவசரத்துக்கு விமானத்தில் அனுப்பிய செலவுக்கும் ஒரு ரூபாய்கூட வராது. மறைமுக நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை, மொத்தப் பொறுப்பும் இத்தனை மாத வாடகைக்கு மேல் போகாது என்று தனி விதியே இருக்கும். அந்த 333 ரூபாயும் தானாக வராது. குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் கேட்டால்தான் உண்டு என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

இதை இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், எஸ்எல்ஏ என்ற இந்த அப்டைம் வாக்குறுதியை இன்சூரன்ஸ் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது நஷ்டத்தை ஈடு செய்யாது. அவர்களை அவசரமாக ஓட வைக்கும் ஒரு கருவி, அவ்வளவுதான். ஆகவே கழிவுத் தொகையைக் கூட்டச் சொல்லிப் பேரம் பேசுவதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் ஒரு விதியைக் கேட்கிறேன்: தொடர்ந்து மூன்று மாதம் அப்டைம் குறைந்தால், எந்தக் கட்டணமும் இல்லாமல் வாடிக்கையாளர் வெளியேறலாம். பெரும்பாலும் முதலில் மறுப்பார்கள். அவர்களுடைய விற்பனைக் காலாண்டு முடியப்போகும் நேரத்தில் அதே விதி கிடைத்துவிடும்.

சதவீதத்தைவிட முக்கியம், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பது. லைன் காலை 9.40-க்குப் போகிறது. சுவிட்ச் பிரச்சினையா, யுபிஎஸ்ஸா என்று நம் ஆட்கள் பார்த்துவிட்டு, அக்கவுன்ட் மேனேஜருக்கு வாட்ஸ்அப் போடுகிறார்கள். அவர் "பாத்துட்டு இருக்கோங்க சார்" என்கிறார். கம்ப்ளைன்ட் நம்பர் விழுவது 11 மணிக்கு. ஒப்பந்தப்படி லைன் போனதே 11 மணிக்குத்தான். அந்த ஒரு மணி இருபது நிமிடம் கணக்கில் கிடையாது. எனவே வாட்ஸ்அப் எல்லாம் பிறகு, முதலில் கஸ்டமர் கேர் எண்ணிலோ போர்ட்டலிலோ டிக்கெட் நம்பர் என்று எல்லா ஆபீஸிலும் ரிசப்ஷனில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சர்க்யூட் ஐடியும் அதே தாளில். அது இல்லாமல் போன் செய்தால் முகவரியைச் சொல்லிப் புரிய வைப்பதிலேயே பத்து நிமிடம் போகும்.

நிற்கும் இடமும் அப்படித்தான். ஃபீல்டு ஆள் இரவு வருகிறார், வாட்ச்மேன் உள்ளே விட மறுக்கிறார். 'வாடிக்கையாளர் இடத்தில் அனுமதி இல்லை' என்று டிக்கெட்டை ஹோல்டில் போடுகிறார்கள். மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும் வரை கடிகாரம் ஓடாது. திட்டமிட்ட பராமரிப்பு, நம் பக்கத்து மின்தடை, இயற்கைச் சீற்றம் எதுவும் கணக்கில் வராது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தபோது விழுந்த மரங்களோடு கேபிள்களும் போயின. அப்படிப்பட்ட நாளுக்கு விலக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் சில ஒப்பந்தங்கள் 'மூன்றாம் தரப்பினரால் ஏற்படும் ஃபைபர் கட்' என்பதையும் அதே விலக்கில் சேர்த்துவிடுகின்றன. எங்கள் ஊரில் லைன் போவதற்கு அதுதான் முதல் காரணம். அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட்டால் அப்டைம் வாக்குறுதி என்று ஒன்று மிச்சமே இல்லை.

பாதாள சாக்கடை வேலைக்காகத் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்த ஒரு மதியம், நான் அந்தக் குழி பக்கத்தில் நின்றிருந்தேன். ஸ்ப்ளைசிங் ஆட்கள் வந்ததும் ஓடிடிஆர் கருவியைப் போட்டு, "கட் ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுதுங்க சார்" என்று சரியாக அந்த இடத்துக்கே வந்துவிட்டார்கள். அங்கிருந்துதான் நேரம் பிடித்தது. சேற்றிலிருந்து கேபிளை இழுத்து, உறையை உரித்து, தலைமுடி கனமே உள்ள ஒவ்வொரு இழையையும் ஸ்பிரிட்டில் துடைத்து, வெட்டி, மெஷினில் வைத்தார்கள். சின்னத் திரையில் இரண்டு நுனிகளும் நெருங்கி ஒட்டுவது தெரிந்தது. அதன்மேல் ஒரு ஸ்லீவ், சூடாக்கல், அடுத்த இழை. ஒரே கேபிளில் அப்படி 24 இழைகள். கொளுத்தும் வெயிலில் ஒரு குடையை மட்டும் பிடித்துக்கொண்டு அவர்கள் செய்த வேலையைப் பார்த்தவர்கள் 'நாலு மணி நேரத்தில் சரி செய்வோம்' என்ற வரியை அலட்சியமாகப் படிக்க மாட்டார்கள்.

அதே குழியில் இன்னொரு கேபிளும் அறுந்து கிடந்தது. லைன் போன என் வாடிக்கையாளர் நிறுவனம் பேக்கப்புக்கு என்று வேறு கம்பெனியிடம் வாங்கிய இரண்டாவது லைன் அதில்தான் வந்துகொண்டிருந்தது. கம்பெனி இரண்டு, பில் இரண்டு, பாதை ஒன்று. சேவை நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று ஃபைபரை வாடகைக்கு எடுப்பது சகஜம். அதனால் வேறு பெயர் என்பது வேறு பாதை ஆகாது. இப்போதெல்லாம் ஆர்டருக்கு முன்பே ரூட் மேப் கேட்கிறேன். இரண்டு லைனும் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தையும் நேரில் போய்ப் பார்க்கிறேன். ஒன்று மண்ணுக்கு அடியில் வந்தால் மற்றது மின்கம்பம் வழியாக வரட்டும், அல்லது மாடியில் ரேடியோவாக இருக்கட்டும். முதல் லைனில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள். 200 எம்பிபிஎஸ் ஒற்றை லைனைவிட, பாதை வேறான 100-ம் ஒரு சாதாரண பிராட்பேண்டும் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தமம் என்பது என் முடிவு.

அடுத்து 'மேனேஜ்டு' என்பதற்குள் என்ன அடக்கம் என்ற கேள்வி. சேவை நிறுவனத்தின் பொறுப்பு முடியும் இடத்தை ஒப்பந்தம் ஒரு புள்ளியாகக் குறிப்பிடும். பெரும்பாலும் அவர்கள் வைக்கும் ரௌட்டரின் லேன் போர்ட். அதற்கு அந்தப் பக்கம் நம் சுவிட்ச், வைஃபை, கேபிள் எல்லாம் நம் தலையில். ஃபயர்வாலும் அவர்களுடையது என்றால் சில விஷயங்களைத் தனித் தாளில் எழுதி வாங்காமல் நான் நகர்வதில்லை. விதி மாற்றம் கேட்டால் எத்தனை மணி நேரத்தில் செய்வார்கள், மாதத்துக்கு எத்தனை மாற்றம் இலவசம், ஃபர்ம்வேர் அப்டேட் யார் போடுவது, லைசென்ஸ் புதுப்பிக்கும் பணம் யாருடையது, கான்ஃபிகரேஷன் பேக்கப் நமக்கும் ஒரு பிரதி தருவார்களா. பாஸ்வேர்டு அவர்களிடமே இருக்கட்டும். பார்க்க மட்டும் ஒரு லாகின் நமக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் 'உங்கள் பக்கம் டிராஃபிக் அதிகம்' என்று அவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதுதான்.

ஃபயர்வால் பதிந்து வைக்கும் லாக் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். இணையத் தாக்குதல் போன்ற சம்பவம் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். ஃபயர்வால் அவர்களுடையது என்பதற்காக நம் கடமை போய்விடாது. லாக் யாருடைய சேமிப்பில், எத்தனை நாள் இருக்கிறது, கேட்டால் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

பில் எந்த நாளிலிருந்து என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'லைன் கமிஷன் ஆகிவிட்டது' என்று ஒரு மெயில் வரும். இத்தனை நாட்களுக்குள் நீங்கள் எழுத்தில் மறுக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ரௌட்டர் வந்து, ஃபயர்வால் இன்னும் வராத நிலையிலும் இந்த மெயில் வரும். உடனே பதில் போடுங்கள். ஆர்டரில் உள்ள அத்தனையும் ஓடி, ஒரு முழு வேலை நாள் சோதித்த பிறகே ஏற்பு என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தச் சண்டையே வராது. பக்கத்துக் கட்டடத்தில் உள்ள உங்கள் சகோதர நிறுவனத்துக்கும் அதே லைனைக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். பிறருக்குப் பகிர்வதை எல்லா ஒப்பந்தமும் தடுக்கிறது, வேறு ஜிஎஸ்டி எண் உள்ள நிறுவனத்தைப் 'பிறர்' என்று சொல்லிவிட முடியும்.

மூன்று ஆண்டு லாக்-இன்னுக்கு விலை குறைத்துத் தருவார்கள். இடையில் விலகினால் மீதி மாதங்களின் வாடகையைக் கட்ட வேண்டும். ஆபீஸ் மாற்றும் எண்ணம் இருப்பவர்கள், புது இடத்தில் லைன் தர இயலாவிட்டால் கட்டணமின்றி விலகலாம் என்று கேட்டு வாங்குங்கள். பலர் கவனிக்காதது இன்னொன்று. நடுவில் வேகத்தைக் கூட்டினால் மூன்று ஆண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று சில ஒப்பந்தங்களில் உண்டு. 'அப்கிரேடு செய்தாலும் முடிவுத் தேதி மாறாது' என்ற ஒரு வரி போதும்.

ஸ்டேடிக் ஐபி உங்கள் சொத்து அல்ல. லைனை விட்டால் ஐபியும் போய்விடும். வெளிநாட்டு பையரின் சர்வரில் உங்கள் ஐபியைப் பதிந்து அனுமதி கொடுத்திருப்பார்கள், வங்கியும் அப்படியே. அவர்கள் அதை மாற்றித் தர வாரங்கள் ஆகலாம். கம்பெனி மாற்றும்போது பழைய லைனையும் புதிய லைனையும் ஒரு மாதமாவது சேர்த்து ஓட்டுவதற்கு பட்ஜெட் போடுங்கள். அந்த ஒரு மாத வாடகைதான் மொத்த மாற்றத்திலும் மிகப் பயனுள்ள செலவு.

தகராறு வந்தால் எங்கே போவது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்ற வரையறையில் சேர்க்கவில்லை. நுகர்வோர் கோர்ட் கதவு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் திறக்காது. ஒப்பந்தம் நடுவர் மன்றத்தைச் சொல்லும், இடம் டெல்லி என்றோ மும்பை என்றோ இருக்கும். சில ஆயிரம் ரூபாய் கழிவுக்காக யாரும் ரயில் ஏறப் போவதில்லை. நடுவர் இடத்தைக் கோயம்புத்தூர் என்றோ சென்னை என்றோ மாற்றக் கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், உங்கள் கையில் இருக்கும் பலம் பணம் கட்டும் முறை மட்டுமே. ஆண்டுக்கு முன்பணம் என்பதைக் காலாண்டாக மாற்றி வாங்குங்கள்.

ஏற்கெனவே லைன் ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். பல ஒப்பந்தங்கள் காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் 30, 60, சிலவற்றில் 90 நாட்களுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன எந்த வரியையும் மாற்றிக் கேட்க உங்களுக்குக் கிடைக்கும் அடுத்த வாய்ப்பு அந்தக் கெடுவுக்குள்தான். அந்தத் தேதியை அக்கவுன்ட்ஸில் கேட்டு இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள்.